நான்கு இலக்கங்களில் ஒரு பெயர்



சென்னையிலிருந்து வடக்கு நோக்கிக் கொல்கத்தாவுக்குச் செல்லும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, செங்குன்றத்தையும் காரனோடையையும் கவரைப்பேட்டையையும் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைகின்றது. அச்சாலையின் ஓரத்தில் ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். மணலியிலிருந்து எண்ணெய் கொண்டுவரும் டாங்கர் லாரிகளும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலிருந்து பெட்டகங்களைச் சுமந்து வரும் நீண்ட வண்டிகளும், சிப்காட் தொழிற்பேட்டைக்கு அமிலமும் வாயுவும் கொண்டு செல்லும் வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். அவற்றுள் பலவற்றின் பின்புறத்திலும் பக்கங்களிலும் ஒரு பலகை எழுதப்பட்டிருக்கும். அதில் நான்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணும், அதனருகே சாய்சதுர வடிவில் ஒரு சிறிய படமும் இருக்கும். வண்டியின் பதிவெண்ணை நாம் படிக்கிறோம். பின்புறத்தில் ஓட்டுநர் எழுதிவைத்த கவிதையையும் படித்துச் சிரிக்கிறோம். ஆனால் அந்த நான்கு இலக்கங்களைப் படிப்பவர் மிகச் சிலரே. அவற்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1203 என்று ஒரு வண்டியில் எழுதியிருந்தால் அதில் இருப்பது பெட்ரோல். 1202 என்றால் டீசல். 1075 என்றால் சமையல் எரிவாயு. 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1830 கந்தக அமிலம். இவ்வெண்கள் கும்மிடிப்பூண்டியில் உள்ளதுபோலவே ஜப்பானிலும் பிரேசிலிலும் அதே பொருளையே குறிக்கும். மொழி மாறினாலும் எழுத்து மாறினாலும் எண் மாறாது.

ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார, சமூக மன்றம் 1953-ஆம் ஆண்டில் அபாயகரமான சரக்குகளின் போக்குவரத்தைப் பற்றி ஆராய ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. அக்குழுவின் பரிந்துரைகள் 1956-இல் முதன்முதலாக வெளிவந்தன. அட்டையின் நிறத்தைக் கொண்டு அதனை ஆரஞ்சுப் புத்தகம் என்று வழங்குகின்றனர். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அது திருத்தப்பெறுகின்றது. இன்று அப்பட்டியல் 3500-ஐயும் தாண்டிவிட்டது. உங்கள் கைப்பேசியில் இருக்கிறதே, அந்த லித்தியம் அயனி மின்கலத்துக்கும் அதில் ஓர் எண் உண்டு. தனியே கட்டி அனுப்பினால் அதன் எண் 3480.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். எண் பெரிதாக இருந்தால் அபாயமும் பெரிது என்று சில மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அவ்வாறன்று. பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் எண் இடுவோம். 412-ஆம் எண்ணுக்குரிய பிள்ளை கெட்டிக்காரனா, குறும்பனா என்பதை அந்த எண் சொல்லாது. பதிவேட்டைத் திறந்தால்தான் அவன் பெயரும் ஊரும் தந்தையார் பெயரும் தெரியவரும். ஐ.நா. எண்ணும் அத்தகையதே. பழைய எண்கள் பலவற்றைப் பார்த்தால் ஆங்கில அகரவரிசையில் பெயர்களை அடுக்கி எண் கொடுத்துக்கொண்டே போயிருப்பது தெரியும். அசிட்டிலீன் 1001, அம்மோனியா 1005, ஆர்கான் 1006, பியூட்டேன் 1011, குளோரின் 1017 என்று அவ்வரிசை செல்கின்றது. டீசலுக்கு அப்பட்டியலில் காஸ் ஆயில் என்றும், பெட்ரோலுக்குக் காஸொலீன் என்றும் பெயர். அகராதியில் அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தமையால் 1202, 1203 என்று எண்ணிலும் அண்டை வீட்டுக்காரர்களாயினர்.

பொருளின் குணத்தைச் சொல்வது சாய்சதுரப் படம். தீச்சுடர் வரைந்திருந்தால் எரியக்கூடியது. மண்டையோடு இருந்தால் நஞ்சு. ஒரு கையையும் ஓர் உலோகத் துண்டையும் திரவம் அரிப்பதுபோல் வரைந்திருந்தால் அரிக்கும் பொருள். இவ்வாறு ஒன்பது வகுப்புகள் உண்டு. நீல நிறத்தின்மேல் தீச்சுடர் வரைந்த ஒரு படமும் உண்டு. அதைப் பற்றி நான் அறிந்துகொண்டது புத்தகத்திலிருந்து அன்று.

2009-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மழைநாள். நான் அப்போது நெடுஞ்சாலைக்கு அருகில் இருந்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர். பிற்பகல் இடைவேளையில், இரும்புப் பீப்பாய்களை ஏற்றிவந்த லாரி ஒன்று பள்ளி வாயிலுக்குச் சற்று அப்பால் சாலையோரச் சேற்றில் சக்கரம் புதைந்து சாய்ந்துவிட்டது. இரண்டு பீப்பாய்கள் கீழே உருண்டு மூடி திறந்துகொண்டன. அவற்றிலிருந்து சாம்பல் நிறக் கற்கள் மழைநீர் தேங்கிய பள்ளத்தில் சிதறின. சிதறியதும் அந்நீர் பாலைப்போல் வெளுத்துக் கொதிப்பதுபோல் பொங்கிற்று. புகைபோல் ஏதோ எழுந்தது. ஓட்டுநர் ஆள் கூட்டிவரப் போயிருந்தார். மேல்வகுப்புப் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "என்ன செய்யலாம், சார்?" என்றார்கள். புகை வந்தால் நெருப்பு, நெருப்புக்கு நீர், இதற்கு மேல் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. "குழாயடியிலிருந்து வாளிகளில் தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்று நானே சொன்னேன்.

பத்துப் பன்னிரண்டு பையன்கள் வாளிகளோடு ஓடிவந்துவிட்டார்கள். அப்போது எதிர்ப்புறத்தில் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவர் கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார். "சார், தண்ணி ஊத்தவேணாம்! இது கார்பைடு. பூண்டு நாத்தம் வருது பாருங்க. பசங்கள உள்ள அனுப்பிடுங்க" என்றார். அருகே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கிச் சேற்றில் போட்டு மிதித்தார்.

கால்சியம் கார்பைடை நீங்கள் வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மாம்பழம் பழுக்கவைக்கச் சட்டத்துக்கு மாறாகச் சிலர் பயன்படுத்தும் கார்பைடு கல் அதுவே. நீர் பட்டால் அது அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். அவ்வாயு காற்றில் 2.5 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றத் தொடங்கும். நான் கொண்டுவரச் சொன்ன ஒவ்வொரு வாளி நீரும் அந்த வாயுவைப் பெருக்கியிருக்கும். கந்தகமும் நைட்ரஜனும் கார்பனும் எப்படி வினைபுரியும் என்று ஆண்டுதோறும் தேர்வு எழுதிய பிள்ளைகளை அந்தப் பள்ளத்தின் கரைக்கு அழைத்துச் சென்றவன் நான்தான்.

பிறகு தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் இருந்தவர் கேட்ட முதற் கேள்வி, "வண்டிப் பலகையில் என்ன எண் போட்டிருக்கிறது?" என்பது. அப்படி ஒரு பலகை இருக்கும் என்பதையே நான் அறியேன். மழைக்காகப் போர்த்திய தார்ப்பாய் அதனை முழுவதும் மூடியிருந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து போக்குவரத்தை நிறுத்தி, உலர்ந்த மணலைக் கொட்டி, எஞ்சிய பீப்பாய்களை நனையாமல் அப்புறப்படுத்திய பின்னர், தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார் ஒருவர். அதன்கீழ் 1402 என்ற எண்ணும், நீல நிறத்தின்மேல் தீச்சுடரும் இருந்தன. ஈரம்பட்டால் எரிவாயுவை வெளியிடும் பொருள் என்பதற்கு அதுவே அடையாளம். சொல்லவேண்டிய யாவற்றையும் அப்பலகை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மூடியவர் ஒருவர், மூடாமலிருந்தாலும் படிக்கத் தெரியாதவர் மற்றொருவர்.

அன்று முதற்கொண்டு இப்பலகைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அவற்றில் ஐ.நா. எண்ணுக்கு அருகே வேறொரு குறிப்பும் எழுதப்படுவதுண்டு; ஓர் இலக்கமும் ஓரிரு ஆங்கில எழுத்துகளும் சேர்ந்தது அது. இதனை ஹாஸ்கெம் குறி என்பர். லண்டன் தீயணைப்புப் படையினர் 1970-களில் வகுத்த முறை இது. அதன் அழகு என்னவென்றால், பொருளின் பெயரை அறியாத வீரரும் வண்டியை விட்டு இறங்குமுன் செய்யவேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் வரும் இலக்கம் எதைக்கொண்டு அணைப்பது என்பதைக் கூறும். 1 என்றால் நீரைப் பருந்துளிகளாகப் பீய்ச்சலாம். 2 என்றால் நீரைப் பனிப்புகைபோல நுண்துளிகளாகத் தூவவேண்டும். 3 என்றால் நுரை. 4 என்றால் நீரே கூடாது, உலர்ந்த பொருள்தான். குறித்த எண்ணைவிட உயர்ந்த எண்ணுக்குரியதைப் பயன்படுத்தலாம். தாழ்ந்ததற்குரியதை ஒருநாளும் பயன்படுத்தலாகாது. கார்பைடுக்கு உரியது 4. நான் அன்று செய்ய முற்பட்டது 1.

இலக்கத்தை அடுத்து வரும் எழுத்து மூன்று செய்திகளை ஒருங்கே அடக்கியது. வீரர் உடல் முழுவதையும் மூடும் காப்புடை அணியவேண்டுமா, அல்லது மூச்சுக்கருவியும் வழக்கமான தீயணைப்பு உடையும் போதுமா என்பது ஒன்று. பொருள் திடீரென்று கடுமையாக வினைபுரியுமா என்பது மற்றொன்று. சிந்தியதை ஏராளமான நீரால் கரைத்துக் கழுவி விடலாமா, அல்லது ஓடவிடாமல் மண்கரை கட்டித் தடுக்கவேண்டுமா என்பது மூன்றாவது. கடைசியில் ஈ என்னும் எழுத்து நின்றால், சுற்றியுள்ள மக்களை அகற்றுவது பற்றி உடனே சிந்திக்கவேண்டும்.

பெட்ரோல் டாங்கரில் 3 ஒய் ஈ என்று இருக்கும். நுரை கொண்டு அணை, மூச்சுக்கருவி அணி, வெடிக்கக்கூடியது, சாக்கடையில் இறங்கவிடாதே, மக்களை அப்புறப்படுத்து. இத்தனை சொற்களையும் அம்மூன்று குறிகள் சொல்லிவிடுகின்றன. ஏன் சாக்கடையில் விடக்கூடாது? பெட்ரோல் நீரைவிட இலேசானது. நீரைக் கொட்டினால் அது மிதந்துகொண்டே எரியும்; எரிந்துகொண்டே தெருவைக் கடந்துபோகும். காரனோடையில் நெடுஞ்சாலை கொசத்தலை ஆற்றைக் கடக்கின்றது. செங்குன்றம் ஏரி சென்னை நகரத்தார் குடிக்கும் நீர். அவ்விடங்களை நினைத்துக்கொண்டு அந்த ஒய் என்னும் எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

அடர்ந்த கந்தக அமிலத்துக்கு உரிய குறி 2 பி. அதனை ஏராளமான நீரால் கரைத்துவிடலாம் என்பதும், அதே சமயம் அது கடுமையாக வினைபுரியும் என்பதும் அவ்வெழுத்தின் பொருள். முரணாகத் தோன்றுகிறதல்லவா? ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் சொல்வதை நினைவுகூருங்கள். நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்று. அமிலத்தில் நீரை ஊற்றாதே. அமிலத்தின்மேல் சிறிது நீர் பட்டால் எழும் வெப்பத்தில் அது கொதித்துத் தெறிக்கும். நீர் மிகுதியாகும்போதுதான் அவ்வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒரு வாளி தீமை செய்யும். ஒரு தீயணைப்பு வண்டி நன்மை செய்யும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணாதீர்கள். 2025 ஜனவரி 3-ஆம் நாள் அதிகாலையில் கோயம்புத்தூர் அவினாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு ஏற்றிய டாங்கர் ஒன்று கவிழ்ந்தது. அவ்வாயு காற்றைவிடக் கனமானது. எழுந்து போகாமல் தாழ்வான இடங்களைத் தேடித் தங்கும். தீயணைப்பு வீரர்கள் நீரைத் தூவிக்கொண்டே இருந்தனர். அருகிலிருந்த பள்ளிகளுக்கு அன்று விடுமுறை விட்டார்கள். எரிவாயு வண்டியின் குறி 2 என்று தொடங்கி ஈ என்று முடியும். தூவிய நீரே அந்த 2; விட்ட விடுமுறையே அந்த ஈ.

நம் மாவட்டத்துக்கு வருவோம். அதே ஆண்டு ஜூலை 13-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், எண்ணூர்ப் பக்கமிருந்து டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் திருவள்ளூருக்கு அருகில் தடம்புரண்டு தீப்பற்றியது. 18 டாங்கர் வாகன்கள் எரிந்தன. கரும்புகை வெகுதொலைவு தெரிந்தது. இருப்புப் பாதையை ஒட்டிய வீடுகளிலிருந்தவர்களை அதிகாரிகள் அப்புறப்படுத்தினர். சமையல் எரிவாயு உருளைகளையும் வெளியே எடுத்தனர். எரியாத வாகன்களைக் கழற்றி அப்பால் இழுத்துச் சென்றனர். நுரையும் நீரும் கொண்டு பல மணி நேரம் போராடித் தீயை அணைத்தனர். உயிர்ச்சேதம் இல்லை. சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் இடையே ரயில்கள் நின்றுபோனமையால் ஊரார் அதனை நெடுநாள் பேசினர். எனக்கோ வேறொரு நினைவு. டீசல் எளிதில் ஆவியாவதன்று. அதற்கு அண்டை எண்ணான 1203-ஐ ஏற்றிய ரயிலாக அது இருந்திருந்தால், சிந்திய எண்ணெய் தீப்பற்றுமுன்பே அதன் ஆவி வீடுகளுக்குள் புகுந்திருக்கும். 1202, 1203 என்னும் இரண்டு எண்களுக்கு இடையில் உள்ள வேற்றுமை ஒன்றுதான். வீடுகளைக் காலிசெய்வோருக்கு அந்த ஒன்று மிகப் பெரிது.

எண்கள் நெருங்கியிருப்பதைவிடப் பெயர்கள் ஒன்றுபோல் இருப்பது மேலும் பெரிய இடர். அம்மோனியம் நைட்ரேட் என்று ஒரு பொருள் உண்டு. உரமாகவும் பயன்படும், சுரங்கங்களில் வெடிமருந்துக்கும் பயன்படும். உரத்துக்குரியது 2067. உரமல்லாது, எரியும் பொருள் 0.2 விழுக்காட்டுக்கு மிகாமல் கலந்திருப்பது 1942. அந்த 0.2 விழுக்காட்டைத் தாண்டினால் 0222. சுழியத்தில் தொடங்கும் எண்கள் வெடிபொருள்களுக்கு உரியவை. கண்ணுக்கு மூன்றும் வெண்ணிறக் குருணைகளே. 1947-இல் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டித் துறைமுகத்தில் கப்பலில் இருந்த இப்பொருள் தீப்பற்றி வெடித்து ஏறத்தாழ 580 பேர் மாண்டனர். 2020 ஆகஸ்ட் 4-இல் லெபனான் நாட்டின் பெய்ரூத் துறைமுகத்தில் 2750 டன் வெடித்து இருநூறு பேருக்கு மேல் இறந்தனர். அச்செய்தி வந்த வாரத்திலேயே நம் மணலியில் ஒரு பேச்சு எழுந்தது. 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அங்கே ஒரு பெட்டக நிலையத்தில் ஐந்தாண்டுகளாகக் கிடந்தது. உரத்தரம் என்று அறிவித்துக் கொண்டுவரப்பட்டது வெடிமருந்துத் தரம் எனக் கண்டதால் எழுந்த வழக்கு அது. சில நாள்களிலேயே அதனைப் பெட்டக லாரிகளில் ஏற்றிப் படிப்படியாக ஐதராபாத்துக்கு அனுப்பத் தொடங்கினர். மணலியில் குடியிருந்தோர் ஐந்தாண்டுகளாக அதன் அருகே உறங்கியிருந்தனர். சுங்கத்துறைக் கோப்பில் அப்பொருளுக்குப் பெயர் இருந்தது. தெருவில் இருந்தோருக்குத் தெரியாது.

இன்னுமொரு பெயர்க்குழப்பம் நெஞ்சைச் சுடுவது. மெத்தனாலும் எத்தனாலும் நிறமற்ற திரவங்கள். நாற்றத்தாலும் எளிதில் பிரித்தறிய இயலாது. மக்கள் நாவில் இரண்டும் ஸ்பிரிட். எத்தனால் 1170, அதன் படம் தீச்சுடர் மட்டுமே. மெத்தனால் 1230, அதற்குத் தீச்சுடரோடு மண்டையோடும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபது பேருக்கு மேல் இறந்தனர். ஆலையிலிருந்து புறப்படும்போது பீப்பாயின்மேல் ஒட்டியிருந்த மண்டையோடு, இடையில் எங்கோ உரித்தெறியப்பட்டு, அத்திரவம் பெயரிழந்து பிளாஸ்டிக் பைகளில் விற்கப்படுகின்றது. அதனால்தான் சரக்கு கைமாறும் ஒவ்வோரிடத்திலும் எண்ணும் கூடவே செல்லவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் இதற்குரிய சட்டம், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். இரு பக்கங்களிலும் பின்புறத்திலுமாக மூன்றிடங்களில் பலகை இருக்கவேண்டும். பொருளின் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்திலும், எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்திலும் எழுதப்படவேண்டும். அவசரத்துக்கு அழைக்கவேண்டிய தொலைபேசி எண்ணும், அனுப்பியவரின் பெயரும் இருக்கவேண்டும். ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சி உண்டு. விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியவற்றைக் கூறும் டிரெம் கார்டு ஓட்டுநர் அறையில் எப்போதும் இருக்கவேண்டும். ஓட்டுநருக்கு நம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஒன்றும், அதனோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்றும் விதி கூறுகிறது. விதி நல்ல விதி. சாலையில் நின்று பார்க்கும் எனக்குத் தெரிவது, எழுத்து மங்கிப்போன பலகைகளும், சேறு மூடிய எண்களும், அழைத்தால் எடுக்க ஆளில்லாத தொலைபேசிகளுந்தாம். இதில் ஆலைக்காரரைவிட நம்மீதே எனக்குக் குறை அதிகம். யாரும் படிக்காத பலகையை யார் துடைத்து வைப்பார்கள்?

நீங்கள் செய்யத்தக்கது என்ன? கவிழ்ந்த வண்டியைக் கண்டால் அருகே போகவேண்டாம். காற்று எப்பக்கமிருந்து வீசுகிறதோ அப்பக்கமாக விலகி, மேடான இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்தே எண்ணைப் படியுங்கள். 100 மில்லிமீட்டர் எழுத்து அதற்காகத்தான். கைப்பேசியின் ஒளிப்படக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கலாம்; வண்டிக்கு முன்னால் நின்று தன்னையே படமெடுப்பதற்கு அன்று அக்கருவி. பிறகு 112-ஐ அழைத்து இடத்தையும் எண்ணையும் சொல்லுங்கள். காலி வண்டிதானே என்று நெருங்காதீர்கள். எண்ணெய் இறக்கப்பட்ட தொட்டியில் ஆவி நிறைந்திருக்கும். தொட்டியைத் தூய்மை செய்யும்வரை பலகையும் மாறாதிருக்கவேண்டும் என்பது அதனால்தான். சிந்திய பெட்ரோலைக் குடங்களில் பிடிக்க ஓடும் கூட்டத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். 2017 ஜூன் 25-இல் பாகிஸ்தானில் பகவல்பூருக்கு அருகே அப்படிப் பிடிக்கப் போனவர்கள் நடுவே தீ மூண்டு இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். ஏழ்மை அவர்களை அழைத்தது. அவர்களைப் பழித்துப் பேச எனக்கு மனமில்லை.

சென்ற மாதம் எளாவூர்ச் சோதனைச் சாவடிக்கு இப்புறம் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். டாங்கர் லாரி ஒன்று வந்து நின்றது. இளைஞரான ஓட்டுநர் இறங்கி, தேநீர் வாங்குவதற்கு முன்னால், ஈரத்துணியால் பின்புறப் பலகையைத் துடைத்தார். 1230 என்று தெரிந்தது. "சாவடியில் கேட்பார்களா, தம்பி?" என்றேன். "கேப்பாங்க சார். சில நாள் கேக்க மாட்டாங்க" என்று தெலுங்கு கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். கார்டு இருக்கிறதா என்று கேட்டதும் உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார். முழுவதும் ஆங்கிலத்தில் அச்சிட்டது. ஒவ்வொரு வரியின் கீழும் நீல மையில், பள்ளிப் பிள்ளையின் கையெழுத்தைப்போல் சற்றுக் கோணலாக, தெலுங்கில் அதன் பொருளை அவரே எழுதி வைத்திருந்தார். தேநீரைக் குடித்துவிட்டுப் போய், மற்ற இரண்டு பலகைகளையும் துடைத்தபின் வண்டியை எடுத்தார்.